இரண்டாம் வெடிக்கு முன்

விருதுநகர் மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில், தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களின் எல்லையை ஒட்டிக் கரிசல் காட்டில் அமைந்த ஏழாயிரம்பண்ணையும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும், மழையை நம்பிய வேளாண்மை கைகொடுக்காத நிலையில் பட்டாசையும் தீப்பெட்டியையும் நம்பி வாழப் பழகியவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என விரியும் இந்த வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இயங்குகின்றன. நாடெங்கும் தீபாவளிக்கு வெடிக்கப்படும் பட்டாசில் மிகப்பெரும் பங்கு இங்கிருந்தே செல்கிறது. ஆண்டு தவறாமல் விபத்துகளும் நேர்கின்றன. ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் எழும் பேச்சு, அது எதனால் நேர்ந்தது என்பதிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டதா, அனுமதித்த அளவைவிட அதிகமாக இருப்பு வைத்திருந்தார்களா, ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பவை தேவையான கேள்விகளே. ஆனால் வெடித்த பின் வந்த ஐந்து நிமிடத்திலும் அரைமணி நேரத்திலும் ஒரு வாரத்திலும் ஆலை நிர்வாகமும் அரசுத் துறைகளும் ஊராரும் என்ன செய்தார்கள், அப்படிச் செய்ததற்கு என்ன காரணம் என்ற கேள்வி அதே கவனத்தைப் பெற்றதில்லை. இந்த வட்டாரத்தின் மிகக் கொடிய விபத்துகளுள் ஒன்றில் சாவுக் கணக்கை உயர்த்தியது முதல் வெடியைவிட அதன் பின்னர் நடந்தவைதாம் என்பதால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஓம் சக்தி பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் 38 பேர் உயிரிழந்ததாக அன்றைய அரசுக் கணக்கு தெரிவித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தீபாவளிக்கு இரண்டு மாதமே இருந்த, உற்பத்தி உச்சத்தில் இருந்த நேரம் அது. முதலில் தீப்பற்றி வெடித்தபோது உள்ளே இருந்த தொழிலாளர்களில் பலர் வெளியே ஓடித் தப்பினர். சத்தத்தைக் கேட்டும் புகையைக் கண்டும் சுற்றியிருந்த ஊர்களிலிருந்தும் பக்கத்து ஆலைகளிலிருந்தும் மக்கள் ஓடி வந்தனர். சிலர் உறவினரைத் தேடி வந்தனர், சிலர் சிக்கியவர்களைத் தூக்க வந்தனர், சிலர் வேடிக்கை பார்க்கவும் வந்தனர். அவர்கள் நெருங்கி நின்ற நேரத்தில் இருப்பு வைத்திருந்த வெடிமருந்து பெருஞ்சத்தத்தோடு வெடித்தது. இறந்தோரில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்லர். காப்பாற்றவும் பார்க்கவும் வந்தவர்கள். விபத்தை ஆராய மத்திய அரசு சைதன்ய பிரசாத் தலைமையில் குழு அமைத்தது. ஆலைகளின் உரிமம், இருப்பு, கண்காணிப்பு பற்றிய விவாதம் அதன்பின் பல ஆண்டுகள் நீடித்தது. ஓடி வந்த ஊரைப் பற்றிய விவாதம் மட்டும் இரங்கலோடு முடிந்துபோனது.

முதலிப்பட்டிக்கு 95 ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு நிகழ்வு, பேரிடர்களில் மனிதரும் அமைப்புகளும் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என ஆராயும் துறைக்கே வித்திட்டது. 1917 டிசம்பர் 6 அன்று கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றி வந்த மோன்ட் பிளாங்க் என்ற பிரெஞ்சுக் கப்பலும் இமோ என்ற நார்வேக் கப்பலும் மோதிக்கொண்டன. தீப்பற்றிய கப்பல் ஏறத்தாழ இருபது நிமிடம் எரிந்தபடி கரையை நோக்கி மிதந்து வந்தது. அந்த இருபது நிமிடமும் நகர மக்கள் கரையில் கூடியும் வீட்டுச் சன்னல்களில் நின்றும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தனர். கப்பலில் இருந்த சரக்கு என்ன என்பது அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தெரியாது. பின்னர் நிகழ்ந்த வெடிப்பில் ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சன்னல் கண்ணாடி சிதறியதில் நூற்றுக்கணக்கானோர் பார்வை இழந்தனர். சரக்கு இன்னதென்று தெரிந்துகொண்ட வின்சென்ட் கோல்மன் என்ற இரயில்வே தந்திப் பணியாளர் தம் இருக்கைக்குத் திரும்பி, வந்துகொண்டிருந்த இரயில்களை நிறுத்தச் சொல்லிச் செய்தி அனுப்பிவிட்டு உயிரிழந்தார். அதே நகரில் பாதிரியாராக இருந்த சாமுவேல் ஹென்றி பிரின்ஸ், இந்த அழிவையும் அதன்பின் நகரம் தன்னைச் சீரமைத்துக்கொண்ட விதத்தையும் ஆராய்ந்து 1920-இல் வெளியிட்ட நூலே பேரிடர்ச் சமூகவியலின் முதல் ஆய்வாகக் கருதப்படுகிறது.

அந்தத் துறை பிற்காலத்தில் நிறுவிய முடிவுகளில் முதன்மையானது, பொதுப் புத்திக்கு எதிரானது. ஆபத்து நேரத்தில் மக்கள் அறிவிழந்து ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு ஓடுவார்கள் என்பதே திரைப்படங்களும் செய்தித்தாள்களும் வளர்த்த எண்ணம். 1963-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 1985-இல் டெலவேர் பல்கலைக்கழகத்துக்கு இடம்பெயர்ந்த பேரிடர் ஆய்வு மையத்தின் நிறுவனர்களுள் ஒருவரான என்ரிக்கோ குவாரன்டெல்லியும் அவருடைய துணையாளர்களும் பல்வேறு விபத்துக் களங்களுக்கு நேரில் சென்று திரட்டிய தகவல்கள் வேறுவிதமாக இருந்தன. அத்தகைய வெறியோட்டம் மிக அரிதாகவே நிகழ்கிறது என்றும், பெரும்பாலோர் முதலில் தம்மவரைத் தேடுகின்றனர், அடுத்து அருகில் இருப்பவருக்கு உதவுகின்றனர் என்றும் அவர்கள் கண்டனர். வெளியிலிருந்து மக்களும் பொருள்களும் வண்டிகளும் விபத்து நடந்த இடத்தை நோக்கிக் குவிவதையும் அத்துறையினர் 1950-களிலேயே தனியாக ஆராய்ந்தனர். கலைந்து ஓடுவதைவிடக் குவிந்து சேர்வதுதான் பேரிடரின் இயல்பான சிக்கல் என்பது அந்த ஆய்வுகளின் சாரம். வேறு விபத்துகளில் இந்தக் குவிதல் சாலையை அடைத்து ஆம்புலன்ஸைத் தாமதப்படுத்தும். பட்டாசு ஆலையில் அது நேரடியாக உயிரைக் குடிக்கும்.

அதே மையத்தினர் ஆபத்து நேரத்தில் களத்துக்கு வரும் அமைப்புகளை இரண்டு கேள்விகளைக் கொண்டு வகைப்படுத்தினர்: ஓர் அமைப்பு அப்போது செய்யும் வேலை அது வழக்கமாகச் செய்யும் வேலைதானா, அதன் கட்டமைப்பு ஏற்கெனவே இருந்ததா அல்லது அப்போதுதான் உருவானதா என்பவை அவை. தீயணைப்புத் துறையும் 108 ஆம்புலன்ஸ் சேவையும் அரசு மருத்துவமனையும் பழைய கட்டமைப்பில் பழகிய வேலையைச் செய்பவை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் போன்றவை தாளில் எப்போதும் இருந்தாலும், தேவை வந்த நாளில் ஆட்சியரின் தலைமையில் ஆள் சேர்த்து விரிவடைபவை. பக்கத்து ஆலையின் சரக்கு வேன் காயமடைந்தோரை ஏற்றிச் செல்லும்போதும், தொழிற்சங்கம் உறவினருக்குச் சோறு ஏற்பாடு செய்யும்போதும், பழைய கட்டமைப்பு தனக்குப் பழக்கமில்லாத வேலையை ஏற்கிறது. இவை எவற்றிலும் சேராமல், அந்த நொடியில் அங்கே நின்றவர்கள் தாமாக ஒன்றுசேர்ந்து, யாரும் நியமிக்காத ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இயங்கும் குழு கடைசி வகை. பட்டாசு வட்டாரத்தில் முதல் அரைமணி நேரத்தில் ஏறத்தாழ எல்லா வேலையையும் செய்வது இந்தக் கடைசிக் குழுதான். இதற்குப் பெயர் இல்லை, சீருடை இல்லை, பயிற்சியும் இல்லை. ஆலைகள் ஊரைவிட்டுத் தள்ளிக் காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அந்தத் தூரமே தீயணைப்பு வண்டி வந்து சேர எடுக்கும் நேரத்தைக் கூட்டுவதால், இடைப்பட்ட நேரத்தில் காட்டில் வேலை செய்பவர்களும் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுமே முதலில் வந்து நிற்கின்றனர். பாதுகாப்புக்காக வகுத்த விதி ஒன்றே பாதுகாப்புப் படையைத் தொலைவில் நிறுத்துகிறது என்ற முரணை எந்தத் திட்டமும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஆலைக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ள அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலை என்பது ஒரே கூரையின் கீழ் இயங்கும் தொழிற்சாலை அன்று. வேலியிட்ட பரந்த நிலத்தில் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட சிறுசிறு அறைகளின் தொகுதி. ஓர் அறையில் மருந்து கலப்பார்கள், மற்றோர் அறையில் குழாய்களில் மருந்து செலுத்துவார்கள், வேறோர் அறையில் திரி பொருத்துவார்கள். செய்து முடித்தவை வெளியே மேடைகளில் வெயிலில் காயும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் முதலியவற்றைச் சல்லடையில் சலித்து ரப்பர் விரிப்பின் மீது கையால் கலக்கும் தொழிலாளியின் முகமும் கைகளும் வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோல மினுங்கும். இரும்புக் கருவி கூடாது, கலவை அறையில் மிகச் சிலரே இருக்க வேண்டும், மற்ற அறைகளிலும் நால்வருக்கு மேல் கூடாது, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், கலவை வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும், மிஞ்சிய கலவையை மறுநாளுக்கு வைக்கக் கூடாது என்பன விதிகளும் தொழிலில் ஊறிய வழக்கங்களும் ஆகும். கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு: அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறத் தொடங்கும், காலையில் அதைத் தொடுபவரின் கையிலேயே வெடிக்கும். இந்த விதிகள் அனைத்தும் ஒரே எண்ணத்தின் மேல் நிற்கின்றன. ஓர் அறை வெடித்தால் அந்த அறையோடு போகட்டும், அடுத்த அறைக்காரர் ஓடித் தப்பட்டும் என்பதே அந்த எண்ணம். அறைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் வீணான நிலம் அன்று. அதுவே அந்த ஆலையின் மிக முக்கியமான பாதுகாப்புக் கருவி.

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணையை அடுத்த அச்சங்குளத்தில் ஸ்ரீ மாரியம்மாள் பட்டாசு ஆலையில் பேன்சி ரகப் பட்டாசு தயாரிக்கும்போது நேர்ந்த வெடிப்பு, இந்த எண்ணம் எவ்வாறு உடைகிறது என்பதைக் காட்டியது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காயமடைந்தோர் சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, மதுரை என வெவ்வேறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலை குத்தகைக்கு விடப்பட்டு, குத்தகை எடுத்தவர் அறைகளைப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டிருந்தார் என்பது விசாரணையில் வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இரண்டு வாரம் முடிவதற்குள், பிப்ரவரி 25 அன்று, சிவகாசி அருகே காளையார்குறிச்சியில் மற்றோர் ஆலை வெடித்தது.

உள்குத்தகை என்பது, உரிமம் பெற்ற ஆலையின் அறைகளை நாளுக்கோ பருவத்துக்கோ தனித்தனி ஆள்களுக்கு வாடகைக்கு விடும் ஏற்பாடு. இது சட்டத்துக்குப் புறம்பானது என்பது அனைவருக்கும் தெரியும்; விபத்துச் செய்திகளில் இச்சொல் திரும்பத் திரும்ப வருகிறது. இதன் தீமையைப் பலரும் உற்பத்திப் பேராசை என்ற ஒற்றைக் கோணத்தில் பார்க்கின்றனர். ஆபத்து நேர நடத்தை என்ற கோணத்திலிருந்து பார்த்தால் இன்னொன்று புலப்படும். ஒரே வேலிக்குள் ஐந்தாறு குத்தகைதாரர் தத்தம் ஆள்களை வைத்துத் தத்தம் வேலையை முடிக்க முனையும்போது, அங்கே ஓர் ஆலை இருப்பதில்லை. பெயர்ப்பலகை மட்டுமே ஒன்று. எந்த அறையில் இன்று என்ன ரகம் செய்கிறார்கள் என்பது பக்கத்து அறைக்குத் தெரியாது. மருந்து எங்கே எவ்வளவு இருக்கிறது என்பதை முழுமையாக அறிந்தவர் எவரும் இல்லை. இடம் போதாமல் அறைகளுக்கு நடுவிலும் மரத்தடியிலும் வேலை நடப்பதால், காப்பாற்ற வேண்டிய வெற்றிடமே வெடிபொருளால் நிரம்பியிருக்கும். அன்று காலை யார் யார் உள்ளே வந்தார்கள் என்ற பதிவேடும் சரியாக இராது. கூலி ரக அடிப்படையிலோ எண்ணிக்கை அடிப்படையிலோ கைமாறுகிறது, வருகைப் பதிவு யாருக்கும் தேவைப்படுவதில்லை. வெடித்த பின் தீயணைப்பு அலுவலர் முதலில் கேட்கும் கேள்வி, உள்ளே எத்தனை பேர் என்பது. அதற்கு விடை சொல்ல ஆள் இல்லாதபோது, விடையைத் தேடி ஊரே உள்ளே நுழைகிறது. அடையாளம் தெரியாத அளவுக்குக் கருகிய உடல்களை உறவினர் கொலுசையும் வளையலையும் வைத்து இனங்காண நேர்வதற்கும், காணாமற்போனோர் பட்டியல் நாள்கணக்கில் மாறிக்கொண்டே இருப்பதற்கும் இதுவே காரணம்.

உள்ளே கட்டளை இடக்கூடிய பொறுப்பு, சட்டப்படி ஃபோர்மேனுடையது. ஆலையின் அன்றாட வேலையை மேற்பார்வையிட்டு, மருந்தின் அளவையும் ஆள்களின் எண்ணிக்கையையும் கட்டுக்குள் வைத்து, ஆபத்து வந்தால் அனைவரையும் வெளியேற்ற வேண்டியவர் அவர். விபத்துக்குப் பின் பதியப்படும் வழக்குகளில் உரிமையாளரோடும் குத்தகைதாரரோடும் அவர் பெயரும் தவறாமல் இடம்பெறும். ஆனால் தொழிலாளிக்குக் கூலி கொடுப்பவர் உள்குத்தகைதாரர், வேலைக்கு அழைத்து வந்தவர் ஊர்க்காரர் அல்லது உறவினர் என்றிருக்கும் இடத்தில், ஃபோர்மேனின் சொல்லுக்கு எவ்வளவு எடை இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

இதற்கு ஒப்பாக மேலாண்மை அறிஞர் கார்ல் வைக் 1993-இல் விரிவாக ஆராய்ந்த ஒரு காட்டுத்தீ நிகழ்வைச் சொல்லலாம். 1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மேன் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் தீயணைக்க வானூர்தியிலிருந்து குதித்த குழுவைத் தீ திடீரெனத் துரத்தியது. அந்தக் குழுவின் ஃபோர்மேன் வாக்னர் டாட்ஜ், ஓடிப் பயனில்லை எனக் கண்டு, தமக்கு முன்னால் இருந்த புல்லைத் தாமே கொளுத்தி, எரிந்து கருகிய அந்தத் திட்டுக்குள் படுத்துக்கொள்ளுமாறு கத்தினார். எரிபொருள் தீர்ந்த இடத்துக்குத் தீ வராது என்பது அவர் கணக்கு. ஒருவரும் கேட்கவில்லை; கருவிகளைக் கீழே போடச் சொன்னதையும் சிலர் கேட்கவில்லை. 13 பேர் இறந்தனர். டாட்ஜும் வேறு இருவருமே பிழைத்தனர். டாட்ஜ் சொன்னது சரி. ஆனால் அந்தக் குழுவினர் அவரோடு நெடுநாள் சேர்ந்து வேலை செய்தவர்கள் அல்லர், அவர் செய்வது பைத்தியக்காரத்தனமாகவே அவர்களுக்குத் தோன்றியது. யார் தலைவர், யார் என்ன செய்ய வேண்டும் என்ற உறவு குலைந்ததும் குழு தனித்தனி மனிதர்களாகச் சிதறியது என்பது வைக் கண்ட முடிவு. அமைதியான நாள்களில் சம்பாதித்து வைக்காத கீழ்ப்படிதலை ஆபத்து நேரத்தில் எந்த ஃபோர்மேனும் கேட்டுப் பெற முடியாது. உள்குத்தகை அந்தச் சம்பாத்தியத்துக்கே வழி இல்லாமல் செய்துவிடுகிறது.

ஊரின் பக்கம் திரும்பினால், அதன் நடத்தையை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஓர் ஆலையில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். தாயும் மகளும், கணவனும் மனைவியும், அண்ணியும் நாத்தனாரும் ஒரே வேனில் ஏறி ஒரே ஆலைக்குப் போவது வழக்கம். வேலைக்குப் போகிறவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். 2023 அக்டோபர் 17 அன்று சிவகாசி அருகே ரெங்கபாளையத்தில் நேர்ந்த வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே 9 அன்று செங்கமலப்பட்டியில் நேர்ந்த விபத்திலும் பெண்கள் பலர் இறந்தனர். ஆக, புகை எழும் திசையைப் பார்த்தவுடன் அது யாருடைய ஆலை, அதில் தம் வீட்டார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த ஊர் ஓடத்தான் செய்யும். ஓடாதே என்று ஒலிபெருக்கியில் சொல்வது மட்டும் தீர்வாகாது. உள்ளே இருப்பவர்களின் நிலையைச் சொல்ல வாயிலில் ஒருவர் இருந்தால், தப்பி வந்தவர்கள் கூடும் இடம் ஒன்று முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால், தேடி வருபவர் அந்த இடத்துக்குப் போவார். அப்படி எதுவும் இல்லாதபோது தேடுவதற்கு எஞ்சியிருப்பது வெடித்த அறை மட்டுமே.

தகவல் கிடைத்ததும் ஊர் எவ்வளவு திறமையாக இயங்குகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆம்புலன்ஸ் வருமுன்னரே காயமடைந்தோரைச் சரக்கு வேனிலும் இரு சக்கர வாகனத்திலும் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் காட்டுப் பாதை வழியாகத் தீயணைப்பு வண்டி நுழைய முடியும் என்பது ஓட்டுநரைவிட ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். முதலிப்பட்டி விபத்தின்போது கடுமையாகத் தீக்காயம் அடைந்தோரை எழுபது கிலோமீட்டருக்கு அப்பால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது, பட்டாசு நகரின் மருத்துவமனையிலேயே தீக்காயத்துக்குப் போதிய வசதி இல்லை என்ற கடும் கண்டனத்தை எழுப்பியது. பின்னர் சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவு ஏற்பட்டது; 2022 ஜனவரியில் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. விபத்துக்குப் பிந்தைய அரசு ஏற்பாடுகளில் தெளிவாக முன்னேறியது மருத்துவம்தான்.

ஆலைக்கும் ஊருக்கும் வெளியே மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு என்பதைச் சிவகாசியில் 2016 அக்டோபர் 20 அன்று நேர்ந்த விபத்து காட்டியது. பட்டாசுக் கிடங்கில் வாகனத்தில் சரக்கு ஏற்றும்போது பற்றிய தீயின் புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. அங்குச் சோதனைக்கு வந்திருந்தோரும் பணியாற்றியோரும் மூச்சுத்திணறி இறந்தனர். வெடியால் இறப்பதையே எண்ணிப் பழகிய நகரில் புகையால் நேர்ந்த சாவு அது. கிடங்குக்குப் பக்கத்தில் தொழில் நடத்தும் ஒரு நிறுவனம், பக்கத்தில் இருப்பது என்ன, அது எரிந்தால் எந்த வழியாக வெளியேறுவது என்பதைத் தன் பணியாளருக்குச் சொல்லித் தர வேண்டும் என்று எந்த உரிமமும் கட்டாயப்படுத்துவதில்லை.

விபத்துக்குப் பிந்தைய வாரம் ஏறத்தாழ எழுதிவைத்த நாடகம் போலவே ஒவ்வொரு முறையும் நடந்தேறுகிறது. உரிமையாளரோ குத்தகைதாரரோ தலைமறைவாவார்; காவல்துறை தனிப்படை அமைக்கும். பிணவறை வாசலில் உறவினர், இழப்பீடு உறுதியாகும்வரை உடலை வாங்க மாட்டோம் என்று அமர்வார்கள். அந்தப் போராட்டத்தைச் சிலர் பேரம் என்று பேசக் கேட்கலாம்; உடலை வாங்கிய பின் தம்மிடம் பேச எவரும் வரமாட்டார்கள் என்ற அனுபவத்திலிருந்து பிறந்த, முற்றிலும் அறிவார்ந்த நடத்தை அது. முதல்வரும் பிரதமரும் நிவாரணம் அறிவிப்பர். வருவாய்த் துறை, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், காவல்துறை, தீயணைப்புத் துறை, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு ஆகியவற்றின் அலுவலர்கள் ஆய்வுக்குப் புறப்படுவர். ஆய்வு வருகிறது என்று தெரிந்ததும் பல ஆலைகள் கதவைப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய ஆலையில் குற்றம் காண முடியாது. சில வாரத்தில் ஆய்வு ஓயும், பூட்டு திறக்கும், விட்டுப்போன நாள்களின் உற்பத்தியையும் சேர்த்து முடிக்க வேலை முடுக்கிவிடப்படும். ஆபத்தைக் குறைக்கப் போட்ட ஆய்வே அவசரத்தைக் கூட்டி அடுத்த ஆபத்துக்கு வழிவகுக்கும் இந்தச் சுழற்சி, தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த ஒன்று.

இந்தச் சுழற்சிக்கு அலுவலகங்கள் பலவாக இருப்பதும் ஒரு காரணம். சிறிய ஆலைக்கு உரிமம் தருவது மாவட்ட வருவாய் அலுவலர். ஓரளவு பெரியதற்கு வெடிபொருள் துறையின் சென்னை அலுவலகம். அதனினும் பெரியதற்கு நாக்பூர். டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று தொழிலில் இதைச் சுருக்கமாகச் சொல்வர். ஒரே நேரத்தில் வைத்திருக்கக்கூடிய வெடிமருந்து 15 கிலோ வரை என்றால் முதல் வகை, 500 கிலோ வரை இரண்டாம் வகை, அதற்கு மேல் மூன்றாம் வகை. விபத்து நடந்த மறுநாள் ஒவ்வோர் அலுவலகமும் தன் கோப்பைப் பார்த்துத் தன் விதி மீறப்பட்டதா என்று சோதிக்கிறது. அது முறையே, ஆனால் தீப்பற்றிய அந்த ஒரு மணி நேரத்தில் இவற்றுள் எதுவும் களத்தில் இல்லை, இருக்கவும் இயலாது.

திட்டங்கள் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் 1987-இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைகள் சட்டத்தின் 41பி பிரிவு, ஆபத்தான வேலை நடக்கும் தொழிற்சாலை, உள்ளே செய்ய வேண்டிய அவசரகால ஏற்பாட்டை எழுதி வைக்க வேண்டும் என்பதோடு, பணியாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் ஆபத்தைப் பற்றித் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறியது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆட்சியர் தலைமையில் மாவட்ட ஆணையத்தை ஏற்படுத்தியிருக்கிறது. சட்டத்தில் சுற்றுவட்டார மக்கள் இருக்கிறார்கள். பயிற்சியிலும் ஒத்திகையிலும் அவர்களைக் காண்பது அரிது. ஃபோர்மேனுக்கும் மேற்பார்வையாளருக்கும் நடத்தும் வகுப்பு தீயைத் தடுப்பது பற்றியது. அச்சங்குளத்திலோ முதலிப்பட்டியிலோ வேலி ஓரத்தில் நிற்கப்போகும் மனிதருக்கு எவரும் வகுப்பு எடுப்பதில்லை. உள்குத்தகையை ஒழிப்பது நீண்ட போராட்டம். பெரும்பணமும் அரசியலும் கலந்தது. அது முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் சில உள்ளன. ஒவ்வோர் ஆலையின் வாயிலிலும் அன்று காலை உள்ளே சென்றோரின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பலகை ஒன்றும், மருந்து இருப்பு அறை எது, தப்பியவர்கள் கூடும் இடம் எது எனக் காட்டும் வரைபடம் ஒன்றும் இருக்க வேண்டும். அதன் நகல் அருகிலுள்ள ஊராட்சி அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும். தீபாவளிப் பருவம் சூடுபிடிக்குமுன், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஊர் மக்களையும் சேர்த்து, எவ்வளவு தொலைவில் நிற்பது, யாரிடம் கேட்பது, வண்டிக்கு எந்தப் பாதையை விடுவது என்பதை நடத்திக் காட்ட வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, நாக்பூரின் அனுமதியும் வேண்டியதில்லை. ஆட்சியரின் ஓர் உத்தரவும் ஊராட்சியின் ஒத்துழைப்பும் இருந்தால் வரும் பருவத்துக்குள்ளேயே செய்து முடிக்கலாம்.